சாலைக்கான பணம் யாரிடமிருந்து வர வேண்டும்?

சாலை போடப் புதிய நிதி வழிகளைத் தேடுவது இன்று நேற்றுத் தொடங்கிய வேலை அல்ல. 1927 இல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, பெட்ரோலுக்குக் கூடுதல் வரி விதித்து, அந்தத் தொகையைத் தனியாகச் சேர்த்துச் சாலைகளுக்கென்றே செலவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்படி 1929 இல் மத்திய சாலை நிதி பிறந்தது. அந்தக் காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. அதிக தூரம் ஓடும் வண்டி அதிக எண்ணெய் குடிக்கும். ஆகவே சாலையை அதிகம் பயன்படுத்துகிறவர் அதிகம் செலுத்துவார். வசூலிக்கத் தனி ஆட்களும் வேண்டியதில்லை. 2000 ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நிதிக்குப் புது வடிவம் தந்தது. 2018 இல் அதன் பெயரோடு 'உட்கட்டமைப்பு' என்ற சொல்லும் சேர்ந்தது. சாலைக்கென்று பெறப்பட்ட பணத்தில் வேறு துறைகளும் பங்கு கேட்கும் நிலை சட்டப்படியே உறுதியானது.

மின்சார வண்டிகள் பெருகப் பெருக இந்த ஊற்று வற்றும். சாலைக்காகப் பெட்ரோல் வரியை 1919 இலேயே கொண்டுவந்த அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், இதை முன்கூட்டியே உணர்ந்து, ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் திட்டத்தை 2015 இல் விருப்பமுள்ளவர்களிடம் தொடங்கியது. நம் நாட்டிலும் அந்தக் கேள்வி விரைவில் எழும். அதற்கு முன்பாக, கடந்த முப்பது ஆண்டுகளில் 'புதிய வழி' என்ற பெயரில் நாம் செய்து பார்த்தவை என்ன கற்றுத் தந்தன என்பதைப் பேசிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எந்த முறைக்கு எந்தப் பெயர் வைத்தாலும், சாலைக்கான பணத்தைக் கடைசியில் கொடுப்பவர்கள் இரண்டு தரப்பினர்தான்: பயணம் செய்கிறவர்கள், வரி செலுத்துகிறவர்கள். தனியார் முதலீடு, கடன், பத்திரம், குத்தகை எல்லாமே அந்தப் பணம் எப்போது வருகிறது என்பதையும், கணக்கு தவறினால் நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதையும் மட்டுமே மாற்றுகின்றன. ஓர் ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பதை அந்த இரண்டாவது கேள்வியை வைத்தே எடை போட வேண்டும்.

இதற்கு டெல்லியையும் நொய்டாவையும் யமுனைக்குக் குறுக்கே இணைக்கும் டி.என்.டி. (டெல்லி நொய்டா டைரக்ட்) பாலச்சாலையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 1997 இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஒரு தனியார் நிறுவனம் அதைக் கட்டி, முப்பது ஆண்டுகள் கட்டணம் வசூலித்து, பிறகு ஒப்படைக்க வேண்டும். பாலம் 2001 இல் திறக்கப்பட்டது. கட்ட ஆன செலவு சுமார் 408 கோடி ரூபாய். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மொத்தத் திட்டச் செலவின் மீது ஆண்டுக்கு 20 விழுக்காடு வருவாய் நிறுவனத்துக்கு உறுதி செய்யப்பட்டிருந்தது. ஓர் ஆண்டில் அந்த அளவு வசூலாகாவிட்டால், குறைந்த தொகை திட்டச் செலவோடு சேர்க்கப்படும். அடுத்த ஆண்டு அந்தப் பெருத்த தொகைக்கும் 20 விழுக்காடு. முழுத் தொகையும் வந்து சேராதவரை வசூல் உரிமையை நீட்டிக்கவும் ஒப்பந்தத்தில் இடம் இருந்தது.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 விழுக்காடு கூட்டுவட்டியில் ஒரு தொகை நான்கு ஆண்டுக்குள் இரட்டிப்பாகிறது. பத்து ஆண்டில் ஆறு மடங்கைத் தாண்டுகிறது. வண்டிகள் தினமும் கட்டணம் செலுத்திக்கொண்டே இருக்க, ஏட்டில் பாக்கி மட்டும் வளர்ந்துகொண்டே போனது அதனால்தான். எத்தனை ஆண்டு செலுத்தினாலும் தீராத கடனை ஒரு பாலத்தின் பெயரில் எழுதி, அதை அதில் போகும் மக்களிடம் கொடுத்துவிட்டார்கள். நொய்டா குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குத் தொடர்ந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2016 இல் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. போட்டி ஏலம் இல்லாமல் அந்த நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டதையும், போட்ட பணத்தையும் லாபத்தையும் அது ஏற்கெனவே எடுத்துவிட்டதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. அந்தத் தீர்ப்பு எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. ஆயினும் பதினைந்து ஆண்டு வசூலுக்குப் பிறகுதான் ஒரு நீதிமன்றம் ஒப்பந்தத்தின் கணக்கைத் திறந்து பார்த்தது என்பது வருத்தத்துக்குரியது. அந்தப் பக்கங்கள் முதல் நாளிலேயே பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்க வேண்டும்.

பிற்காலத்து முறைகள் இந்தப் பாடத்தை ஓரளவு கற்றுக்கொண்டவை. போக்குவரத்தைக் கூட்டி மதிப்பிட்டு ஏலம் எடுத்த நிறுவனங்கள் பல கடனில் மூழ்கிய பிறகு, 2016 இல் ஹைபிரிட் ஆனுயிட்டி முறை வந்தது. கட்டும்போதே 40 விழுக்காட்டை அரசு தருகிறது. மீதியை ஒப்பந்ததாரர் திரட்டிப் போட்டு, அரை ஆண்டுத் தவணைகளாக வட்டியுடன் திரும்பப் பெறுகிறார். சுங்கக் கட்டணம் அரசுத் தரப்புக்கே போகிறது. போட்டு முடித்த சாலைகளைக் குத்தகைக்கு விட்டு மொத்தமாகப் பணம் பெறும் முறையில், 2018 இல் முதல் தொகுப்பு மட்டும் 9,681 கோடி ரூபாய்க்கு முப்பது ஆண்டு உரிமையாகப் போனது. முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி, போட்டு முடித்த சாலைகளின் வசூல் உரிமையை வாங்குவதற்காக 2021 இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தொடங்கிய முதலீட்டு அறக்கட்டளையும் ஏறத்தாழ அந்த வகையே. இவை தேவையற்றவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முப்பது ஆண்டு வசூலை இன்றே வாங்கிச் செலவழித்துவிட்டால், அடுத்த தலைமுறையின் சாலைக்கு அந்த வருமானம் இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுங்கச்சாவடியைப் பற்றிய பேச்சு நம் ஊரில் பெரும்பாலும் கார் வைத்திருப்பவர்களின் பேச்சாகவே இருக்கிறது. உண்மையில் பேருந்தும் கட்டணம் செலுத்துகிறது. 2025 ஜூலையில், கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி சுங்கச்சாவடிகளுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வைத்திருந்த 276 கோடி ரூபாய் பாக்கிக்காக, அரசுப் பேருந்துகளை அவற்றின் வழியாக அனுமதிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, அரசு அவகாசம் கேட்ட பிறகே அது தள்ளிவைக்கப்பட்டது. மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு நின்றுகொண்டே போகிறவரின் பேருந்துக்கும் கட்டணம் உண்டு. டிக்கெட்டிலோ வரியிலோ அதை அவர்தான் கொடுக்கிறார்.

ஆனால் அந்தச் சாலையால் எல்லோரையும்விட அதிக லாபம் அடைந்தவர் அதற்கென்று எதுவும் கொடுப்பதில்லை. அவர் சாலையோர நிலத்தின் உரிமையாளர். பழைய மகாபலிபுரம் சாலை ஆறுவழிச் சாலையாக விரிந்தபோது அதன் இருபுறமும் நில விலை எப்படி ஏறியது என்பது சென்னையில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஏற்றம் பொதுப்பணத்தால் வந்தது. பத்திரப்பதிவுக் கட்டணமாக ஒரு சிறு பகுதி அரசுக்குத் திரும்பியது. மீதியில் பெரும்பகுதி தனியார் கைக்குப் போனது. சாலையில் போனவர்களோ பெருங்குடியிலும் துரைப்பாக்கத்திலும் 2021 ஆகஸ்ட் வரை கட்டணம் செலுத்தினார்கள்.

இந்த லாபத்தில் ஒரு பங்கை முறையாகப் பெற முடியும் என்பதற்கு அகமதாபாத் சான்று. அந்நகரின் 76 கிலோமீட்டர் சர்தார் படேல் சுற்றுச்சாலைக்கான நிலம் பெரும்பாலும் நகரமைப்புத் திட்டங்களின் வழியே கிடைத்தது. நில உரிமையாளர்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார்கள். மீதி, சாலை முகப்போடு ஒழுங்கான மனையாகத் திரும்பி வருகிறது. கூடும் மதிப்பில் ஒரு பங்கை மேம்பாட்டுக் கட்டணமாகச் செலுத்துகிறார்கள். இழப்பீட்டுக்கு அரசு பெருந்தொகை கடன் வாங்க வேண்டியதில்லை, வழக்குகளும் குறைகின்றன. தமிழ்நாட்டின் 1971 ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் நிலங்களை ஒருங்கிணைப்பதற்கான வழி பின்னாளில் சேர்க்கப்பட்டுள்ளது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. அரை ஏக்கரில் கீரை போட்டு வாழும் ஒருவருக்கு நில மதிப்பு ஏறுவது வெறும் காகிதத்தில்தான். அவர் கையில் காசு வருவதில்லை. அவரிடம் கட்டணம் கேட்டால் நிலத்தை விற்கத்தான் வேண்டியிருக்கும். ஆகவே விவசாயம் செய்யும்வரை எதுவும் கேட்கக் கூடாது. விற்கும்போதோ, மனைப் பிரிவாக்கவோ கட்டடம் எழுப்பவோ அனுமதி கோரும்போதோ மட்டுமே வாங்க வேண்டும். பத்திரப்பதிவுக்கு அரசு வகுக்கும் வழிகாட்டி மதிப்பை ஒழுங்காகத் திருத்தினாலே ஏற்றத்தை அளந்துவிடலாம்.

எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி வரை ஏறத்தாழ 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை போடப்பட்டு வருகிறது. பன்னாட்டு நிறுவனங்களிடம் வாங்கிய கடனும் அதில் இருக்கிறது. அதை நாம்தான் அடைக்கப் போகிறோம். அந்தச் சாலையை ஒட்டிய கிராமங்களின் இன்றைய வழிகாட்டி மதிப்பைச் சர்வே எண் வாரியாக இப்போதே பதிவு செய்து வெளியிட்டு, மேம்பாட்டுக் கட்டணத்துக்கான ஆணையையும் அரசு பிறப்பிக்க வேண்டும். எல்லாப் பகுதிகளும் திறந்து, மனைகள் கைமாறி முடிந்த பிறகு அதைக் கேட்பதற்கு ஆளே இருக்கமாட்டார்கள்.