மடையான் எந்த வயலில் விழுந்தது?

ஏரி நிரம்பி நடவு முடிந்துவிட்டால் புதுச்சேரியின் பாகூர் பக்கமும் கடலூர் பக்கமும் உரித்த பறவை விற்பனைக்கு வந்துவிடும். "காடைங்க, வயல் காடை" என்பார்கள். கையில் தொங்குவது பல நேரம் மடையானாகவோ (குளத்துக் கொக்கு) சின்னக் கொக்காகவோ இருக்கும். பார்த்ததும் கோபம் வருகிறது, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம், அதோடு முடிந்துபோகிறது. இதில் தண்டனை உண்டா, எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அது என்ன பறவை, எந்த இடத்தில் பிடிபட்டது என்ற இரண்டும் தெரிந்தால்தான் சொல்ல முடியும். புகாரில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் இந்த இரண்டுதான்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டினுடையது. 2022இல் பெரிய திருத்தம் வந்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த உயிருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று சொல்லும் அட்டவணைகள் முன்பு ஆறு இருந்தன, இப்போது நான்கு. விலங்குகளும் பறவைகளும் முதல் இரண்டில் வருகின்றன. கடல் ஆமைகள், மயில், உடும்பு, நட்சத்திர ஆமை, கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை முதல் அட்டவணை. கொக்கு, மடையான், பச்சைக்கிளி ஆகியவை இரண்டாவது. முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். நீதிபதி நினைத்தாலும் 3 ஆண்டுக்குக் கீழே இறங்க முடியாது. இரண்டாம் அட்டவணைக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 'வரை' என்ற அந்த ஒரு சொல்லால் வழக்கே வேறாகிவிடுகிறது. குறைந்தபட்சச் சிறை இல்லாத குற்றங்களில் 54ஆம் பிரிவின்படி பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழி உண்டு.

இங்கேதான் இடம் முக்கியமாகிறது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால், அது எந்த அட்டவணை உயிரினமாக இருந்தாலும் 3 முதல் 7 ஆண்டு சிறைதான். ஊசுட்டேரி புதுச்சேரிப் பக்கமும் தமிழ்நாட்டுப் பக்கமும் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி. அதன் எல்லைக்குள் கண்ணியில் விழுந்த மடையானுக்கு ஒரு தண்டனை, சரணாலயம் அல்லாத ஒரு வயலில் விழுந்த மடையானுக்கு வேறு தண்டனை. அதனால் "ஏரிப் பக்கம்" என்று புகாரில் எழுதாதீர்கள். நின்ற இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மதகு, கரைமேல் உள்ள கோயில், மைல்கல் என்று ஓர் அடையாளமும் சேருங்கள்.

'வேட்டை' என்றால் சுட்டுக் கொல்வது மட்டும்தான் என்று நினைக்கவும் வேண்டாம். கண்ணி வைப்பது, வலை விரிப்பது, நெல்லில் விஷம் கலந்து வைப்பது, விரட்டிப் பிடிப்பது எல்லாமே சட்டப்படி வேட்டை. முயற்சி செய்தாலே குற்றம். பறவை, ஊர்வன விஷயத்தில் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் அதில் அடங்கும். தேவனாம்பட்டினத்திலோ நல்லவாட்டிலோ பங்குனி ஆமை மணலில் புதைத்துவிட்டுப் போன முட்டையைத் தோண்டி எடுத்தாலும் அது முதல் அட்டவணைக் குற்றம்தான். வாங்குகிறவரும் தப்ப முடியாது. அனுமதி இல்லாதவரிடம் காட்டு உயிரையோ அதன் இறைச்சியையோ வாங்குவதை 49ஆம் பிரிவு தடுக்கிறது.

பறவையை அடையாளம் காண்பதற்கு வருகிறேன். இறகைப் பிடுங்கித் தலையையும் காலையும் வெட்டிவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி சதைதான், விற்பவருக்கு அது வசதி. பண்ணைக் காடை குட்டையாக, உருண்டையாக இருக்கும். நெஞ்சில் சதை தடித்திருக்கும். மடையானின் நெஞ்சு ஒடுங்கியது, சதை கருஞ்சிவப்பு, கழுத்து நீளம். தலை இல்லாவிட்டாலும் அடிக்கழுத்தின் நீளம் தெரியும். கால் மட்டும் மிஞ்சியிருந்தால் நல்லது. நடுவிரல் நகத்தின் உள்விளிம்பைப் பாருங்கள், சீப்புப் பல் போல வரி வெட்டியிருக்கும். கொக்கு, மடையான் இனத்தில் அது உண்டு, காடையில் கிடையாது. அந்த நகத்தை அருகில் வைத்து எடுத்த ஒரு படம் போதும், வனவர் அசட்டையாக நகர முடியாது. பக்கத்தில் குப்பையில் கிடக்கும் இறகுகளையும் படம் எடுங்கள், ஆனால் தொடாதீர்கள். அவற்றைச் சேகரிக்க வேண்டியது அதிகாரி, அதுவும் சாட்சிகள் முன்னால்.

சமைத்துவிட்டாலோ துண்டு போட்டுவிட்டாலோ மரபணுச் சோதனைதான் வழி. இறைச்சி மாதிரியை எத்தனாலில் போட வேண்டும். ஃபார்மலினில் போட்டால் மரபணு சிதைந்துபோகும். மருத்துவமனைப் பழக்கத்தில் இந்தத் தவறு நடக்கிறது, அத்தோடு வழக்கின் முதுகெலும்பு போய்விடுகிறது. மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் இருக்க நேர்ந்தால் எதில் போடுகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

உயிரோடு இருக்கும் கிளியைக் கண்டால் கூண்டைத் திறந்துவிடத்தான் கை துடிக்கும். செய்யாதீர்கள். சிறகு கத்தரித்த கிளியால் பறக்க முடியாது. வெட்டிய இறகு உதிர்ந்து புதிது முளைத்தால்தான் பறக்கும், அதுவரை நாய்க்கும் காக்கைக்கும் இரைதான். சான்றும் கையை விட்டுப் போய்விடும். அடிபட்ட பறவையோ ஆமையோ உங்கள் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. இரக்கப்பட்டு வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, நம்ம ஊருக்கே உரிய சிக்கல், எல்லை. புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாட்டு வனத்துறை, இந்தப் பக்கம் புதுச்சேரி வனத்துறை. "எங்க லிமிட் இல்ல" என்ற பதிலை இரண்டு பக்கமும் கேட்கலாம். அப்படிச் சொன்னால் காவல் நிலையத்துக்குப் போங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ஆம் பிரிவு. சோதனையும் கைப்பற்றலும் செய்ய வன அலுவலர் வேண்டும், காவல்துறை என்றால் உதவி ஆய்வாளருக்குக் குறையாதவர் வேண்டும். ஏட்டு பிடித்து வைத்திருந்தால் உதவி ஆய்வாளர் வரும்வரை மகஜர் (கைப்பற்றியதைப் பதியும் தாள்) எழுத விடாதீர்கள். அந்தக் கையெழுத்தை வைத்தே எதிர்த்தரப்பு வழக்கை உடைக்கும்.

கைப்பற்றல் ஒழுங்காக நடந்துவிட்டால் வன உயிரினச் சட்டத்தின் 57ஆம் பிரிவு நமக்குத் துணை. பொருள் ஒருவர் வசம் இருந்தது உறுதியானால், அது சட்டப்படி வந்தது என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. மகஜர் ஓட்டையாக இருந்தால் 'வசம்' என்பதே நிற்காது. அதில் நேரம், இடம், எண்ணிக்கை, எடை, முத்திரை அடையாளம், இரண்டு சாட்சிகள் எல்லாம் இருக்க வேண்டும்.

வீடியோ எடுத்தவர்கள் மூலக் கோப்பைப் போனிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், எடுத்த நேர விவரமும் போய்விடும். நீதிமன்றம் மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்கும்.

நாய்க்கு விஷம் வைத்த புகார்களிலும் இதே கதை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 11ஆம் பிரிவை மட்டும் எழுதினால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஆம், ஐம்பது ரூபாய்தான். மனம் ஆறவில்லை எனக்கு. அதே செயலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (குற்றத் தண்டனைச் சட்டம்) 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அந்த எண்ணையும் புகாரில் கேட்டு எழுத வையுங்கள். உடலைப் புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். விஷம் என்று தாளில் வராவிட்டால் வழக்கு நிற்காது.

சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். அது விசாரிக்கும் சட்டங்களின் பட்டியலில் வன உயிரினச் சட்டம் இல்லை. ஆற்றில் கழிவு விட்டதற்குப் போகலாம், ஆனால் 6 மாதத்துக்குள். உப்பனாற்று நீரை நீங்களே பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோனால் அது சட்டப்படியான மாதிரி ஆகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்கு அறிவிப்பு கொடுத்து, இரண்டு பாகமாகப் பிரித்து, முத்திரை வைத்து எடுப்பதுதான் மாதிரி. அவர்களை அந்த நேரத்துக்கு வரவழைப்பதே உங்கள் வேலை.

புகார் கொடுத்த அன்றே வழக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வன உயிரினச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் முறையீடு தாக்கல் செய்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். காவல்துறை முதல் தகவல் அறிக்கை போட்டதோடு ஓயாமல், வனச்சரகர் முறையீடு தாக்கல் செய்தாரா என்று விசாரித்துக்கொண்டே இருங்கள். அசையவே இல்லை என்றால் அதே பிரிவில் இன்னொரு வாசல் இருக்கிறது. குற்றத்தையும் வழக்குத் தொடுக்கும் எண்ணத்தையும் எழுதி 60 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டால், யார் வேண்டுமானாலும் நேரே நீதித்துறை நடுவரிடம் முறையிடலாம். அறிவிப்பை விரைவுத் தபாலில் பதிவுடன் அனுப்பி, பெற்றதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். 60 நாள் கணக்கை அந்த ஒப்புகையில் உள்ள தேதியிலிருந்து எண்ணுங்கள்.