பேராசிரியரைப் பார்க்க மிட்டெர்ம் வரை காத்திருக்காதீர்கள்

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் பலர் முதல் செமஸ்டரில் செய்யும் தவறு, பேராசிரியரிடம் மிகத் தாமதமாக, செமஸ்டர் நடுவில் வரும் மிட்டெர்ம் தேர்வு நெருங்கிய பிறகு போவதுதான். நம் ஊர்க் கல்லூரியில் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒருவன் நிற்கிறான் என்றால் அட்டெண்டன்ஸ் குறைந்திருக்கும், இல்லை வேறு ஏதோ வம்பாக இருக்கும். அந்தக் கூச்சம் விமானத்தில் கூடவே வந்துவிடுகிறது. அங்கேயோ, வாய் திறக்காத மாணவனுக்கு எல்லாம் புரிகிறது என்றுதான் பேராசிரியர் எடுத்துக்கொள்வார். அவராகக் கூப்பிட்டு விசாரிப்பது அபூர்வம்.

ஒவ்வொரு பாடத்தின் சிலபஸிலும் வழக்கமாக முதல் பக்கத்திலேயே ‘ஆஃபீஸ் அவர்ஸ்’ என்று நாளும் நேரமும் போட்டிருக்கும். மாணவர்களுக்காகவே அவர் கதவைத் திறந்து வைத்திருக்கும் நேரம் அது. போனால் தொந்தரவு ஆகாது. இரண்டாம் வாரத்திலேயே ஒருமுறை போய்விடுங்கள். பெயர், எந்தத் துறை, இந்தப் பாடத்தில் எந்த அடிப்படை உங்களுக்குக் குறைவு, அதற்கு எதைப் படிக்கலாம். இவ்வளவு பேச ஐந்து நிமிடம் போதும்.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேமாகப் போய், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை, ‘ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்’) என்று விழும். சர்நேமாக அப்பா பெயர் இருந்தால் வகுப்புப் பட்டியலைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடக்கூடும். எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை அந்த முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் அவரை ‘புரொஃபஸர்’ என்று சொல்லி, அவருடைய குடும்பப் பெயரைச் சேர்த்து அழைத்தால் போதும். ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம். முதல் பெயர் சொல்லி அழைப்பதை அவரே சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு சொல்லும் கவனம். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் நமக்குப் பாடத்தில் சந்தேகம். அவர் காதுக்கோ, அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்பதுபோல ஒலிக்கும். ‘கொஸ்டின்’ என்றே சொல்லுங்கள்.

கேள்வியோடு போகும்போது நீங்கள் போட்டுப் பார்த்ததையும் எடுத்துப் போங்கள். ‘மூணாவது அத்தியாயம் புரியல’ என்றால் அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. ‘இந்த வரி வரைக்கும் வருது, இதிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போறாங்கன்னு தெரியல’ என்று விரல் வைத்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டுப்பாடத் திருத்தம், கம்ப்யூட்டர் புரோகிராம் ஓடவில்லை போன்றவற்றை முதலில் டிஏவிடம், அதாவது பேராசிரியருக்கு உதவும் டீச்சிங் அசிஸ்டெண்டிடம் கேளுங்கள். அங்கே தீராததைப் பேராசிரியரிடம் கொண்டுபோகலாம்.

மின்னஞ்சலில் பொருள் வரியில் பாட எண், பிரிவு, விஷயம் மூன்றும் இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பாடம் நடத்துகிறவருக்கு எந்த வகுப்பு என்று தேட நேரமிருக்காது. உள்ளே ஐந்தாறு வரி: யார், என்ன நடந்தது, இதுவரை என்ன செய்தீர்கள், அவரிடம் என்ன வேண்டும். பல்கலைக்கழக முகவரியிலிருந்தே அனுப்புங்கள். இரண்டு மூன்று வேலை நாள் பதில் இல்லையென்றால் அதே மடலின் தொடர்ச்சியாக ஒருமுறை நினைவூட்டலாம். அதில் தப்பே இல்லை.

கெடு நீட்டிப்புக் கேட்பதானால் கெடுவுக்கு முன்னால், முடிந்தவரை இரண்டு நாளாவது முன்னால், எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மதிப்பெண் விஷயத்தில் திருத்தக் குறிப்பைக் காட்டி, ‘இந்த இடத்தில் எது குறைந்தது?’ என்று கேட்கலாம். ‘ஜிபிஏ குறைந்தால் விசா போய்விடும், எஜுகேஷன் லோன் இருக்கிறது’ என்று சொல்லி மட்டும் மதிப்பெண் கேட்காதீர்கள். உங்கள் கவலை உண்மைதான். ஆனால் அந்தக் காரணத்துக்காக ஒருவருக்கு மட்டும் மதிப்பெண் கூட்டினால் மற்ற மாணவர்களுக்கு அநியாயம். அதனால் இரக்கம் இருந்தாலும் அவரால் அசைய முடியாது.

விசா விஷயத்தில் பேராசிரியரின் வாய்வார்த்தையை நம்பி எதையும் செய்துவிடக் கூடாது. இதில்தான் பெரிய இழப்பு நேர்கிறது. ‘பாடம் கஷ்டமாக இருந்தால் டிராப் பண்ணிக்கொள்’ என்று அவர் நல்ல மனதோடுதான் சொல்வார். உள்ளூர் மாணவருக்கு அது சரியான யோசனை. ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர் முழுப் பாடச் சுமையைக் காட்ட வேண்டும். பல இடங்களில் எம்.எஸ். மாணவருக்கு அது 9 கிரெடிட். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓ முன்கூட்டியே அனுமதி தராமல் அதற்குக் கீழே இறங்கினால் ஸ்டேட்டஸ், அதாவது மாணவராக அங்கே சட்டப்படி தங்கும் தகுதி, போய்விடும். தொடக்கத்தில் ஆங்கிலமோ வாசிப்புச் சுமையோ கஷ்டம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லை, தவறான நிலைப் பாடத்தில் சேர்ந்துவிட்டோம் என்ற காரணங்களுக்கு டிஎஸ்ஓ குறைத்த சுமைக்கு அனுமதி தர விதியில் இடமுண்டு. ஆனால் ஒரு பட்டநிலைக்கு ஒருமுறைதான், அதிலும் குறைந்தது 6 கிரெடிட் இருக்க வேண்டும். உடல்நலக் காரணம் தனி, அதற்கு மருத்துவர் கடிதம் தேவை. ஆகவே பேராசிரியரிடம் நிலைமையைக் கேட்டுக்கொண்டு நேராக டிஎஸ்ஓவிடம் போங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகு டிராப் பட்டனை அழுத்துங்கள். அந்தக் காரணங்களை உறுதிப்படுத்திப் பேராசிரியரோ அட்வைசரோ எழுதும் குறிப்பு அங்கே நிறையவே உதவும்.

பிஎச்.டி.க்கோ வேறு எதற்கோ ரெக்கமண்டேஷன் லெட்டர் வேண்டுமென்றால் மூன்று நான்கு வாரம் முன்பே கேளுங்கள். நாமே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் நம் ஊர் வழக்கத்தை அங்கே எடுத்துப் போக வேண்டாம். அவரே எழுதி இணையதளத்தில் நேராக ஏற்றுவார். ‘எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா?’ என்றே கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு இன்னொருவரிடம் போவது நல்லது. வகுப்பில் ஏ வாங்கினார் என்று மட்டும் சொல்லும் கடிதத்தால் பயனில்லை. ஒப்புக்கொண்டவருக்கு சிவி, எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் கட்டுரை) வரைவு, அவர் வகுப்பில் நீங்கள் செய்த புராஜெக்ட்டின் சுருக்கம், எல்லாக் கெடுத் தேதிகளும் உள்ள ஒரே அட்டவணை ஆகியவற்றை அனுப்புங்கள். விண்ணப்பத்தில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். விட்டுக்கொடுங்கள். பார்க்கப்படாத கடிதத்துக்குத்தான் படிப்பவர்கள் மதிப்புக் கொடுப்பார்கள்.

மனம் தளர்ந்தோ வீட்டில் துக்கம் நடந்தோ இருந்தால் அதையும் பேராசிரியரிடம் இரண்டு வரியில் சொல்லலாம், விவரம் தேவையில்லை. பாலியல் தொல்லை பற்றிச் சொல்வதானால் மட்டும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பல பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் கேட்டதை நிர்வாகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ரகசியமாகப் பேச வேண்டுமென்றால் கவுன்சலிங் சென்டருக்கு முதலில் போங்கள்.