பிரகசனத்துக்கு வீடு கட்டுதல்

ஓர் அமெச்சூர் குழு, 1910-களின் மதராஸில் நடப்பதாக எழுதிய பிரகசனம் (ஓட்டமும் ஒளிதலும் நிறைந்த சிரிப்பு நாடகம்) ஒன்றுக்கு செட் அமைத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பிரதியில் நான் முதலில் தேடியது கதவுகளைத்தான். யார் எந்த வழியாக வருகிறார், யாரைக் கண்டு எந்த அறைக்குள் ஒளிகிறார், அவர் உள்ளே இருப்பது மேடையில் யாருக்குத் தெரியும் என்று குறித்துக்கொண்டே போனால், வீட்டின் வரைபடம் பாதி தானாகவே வந்துவிடும். துயர நாடகத்துக்கு ஒரு நாற்காலியும் விளக்கும் போதும் என்று வாதிடலாம். இங்கே அந்த வாதம் செல்லாது. பாரீஸில் 1907-இல் மேடையேறிய ஜார்ஜ் ஃபேதோவின் நாடகம் ஒன்றில், பொத்தானை அழுத்தியதும் கட்டில் சுழன்று அடுத்த அறைக்குப் போக, அங்கிருந்த கட்டில் இங்கே வந்துவிடும். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இரண்டாம் அங்கமே நடக்காது.

நம் ஊரில் இவ்வகை நாடகம் வேறு மாதிரியான மேடையில் வளர்ந்தது. 1891-இல் தொடங்கிய மதராஸ் அமெச்சூர் நாடகக் குழுவான சுகுண விலாச சபையின் காலத்தில் பின்னணி என்றால் பெரும்பாலும் வரைந்த படுதாதான். நடிகர்கள் பக்கத் தட்டிகளின் இடைவெளியில் வந்து போவார்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யில் எஜமானும் வேலைக்காரனும் பேசும் பேச்சிலேயே சிரிப்பு இருப்பதால் அதற்குப் படுதா போதும். எங்கள் பிரதியோ ஓட்டத்தையும் ஒளிதலையும் நம்பியிருந்தது.

சிக்கல் வீட்டிலேயே இருந்தது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நேர்கோட்டில் போகும் பழைய வீட்டில், வாசலில் நின்றால் கொல்லை வரை தெரியும். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நல்லதான அந்த அமைப்பு, கட்டிலுக்கடியில் ஒளிய வேண்டிய மாப்பிள்ளைக்கு உதவாது. நல்லவேளையாகக் கதாநாயகர் வக்கீல். மயிலாப்பூரில் லஸ் பக்கம் தோட்ட வீடு வைத்திருந்த வக்கீல்களை நினைவில் கொண்டு, கட்சிக்காரர்கள் காத்திருக்கத் தனியறை, மாடிப்படி, வெள்ளைக்காரப் பாணியில் ஒரு ஹால் என்று அமைத்தோம். முற்றத்துத் தூண்களில் இரண்டை மட்டும் நான் விடவில்லை. தூணுக்குப் பின்னால் நிற்பவரின் தொந்தி, பார்வையாளர்களுக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியாது. கதவு தர முடியாத வேடிக்கை அது.

அக்காலக் கதவு இரட்டைக் கதவு, அதற்கு உயர்ந்த நிலைப்படியும் உண்டு. ஓடி வருபவர் படியில் தடுக்கி விழுவார் என்பதால் அதை வண்ணத்தில் மட்டும் காட்டினோம். இரண்டு கதவுகளையும் ஒரே நொடியில் அறைந்து சாத்த எந்த நடிகராலும் முடியாது. ஆகவே ஒன்றைத் தாழ்ப்பாள் போட்டு நிறுத்திவிட்டு, மற்றதை மட்டும் புழக்கத்தில் விட்டோம். அடுத்தது சுவர். ரீப்பர் எனும் மெல்லிய மரச்சட்டத்தில் காடாத் துணியை இழுத்துக் கட்டிய தட்டியில் கதவு நிலையைப் பொருத்தினால், ஒவ்வோர் அறைதலுக்கும் சுவர் முழுவதும் நடுங்கும், அதில் மாட்டிய ரவிவர்மா லட்சுமியும் ஆடுவாள், தேக்குமர வீடு என்ற நம்பிக்கை அங்கேயே போய்விடும். எங்கள் ஆசாரி நிலையைத் தட்டியோடு ஒட்டாமல் தனியே நிறுத்தி, பின்னால் முட்டுக் கொடுத்து, முட்டின் அடியில் மணல் மூட்டை வைத்தார். இடைவெளியை ஒரு மரச்சட்டம் மறைத்தது. கதவை ப்ளைவுட்டில் செய்யவும் அவர் ஒப்பவில்லை. பொள்ளலான சத்தத்துக்கு யாரும் திடுக்கிட மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதே சரி.

காலத்தைக் காட்டும் பொருள்களில் நான் சிக்கனக்காரன். ரவிவர்மாவின் அச்சகம் 1894-இலேயே தொடங்கிவிட்டதால் படத்துக்குக் கேள்வி எழாது. பச்சை வண்ணச் சட்டஜன்னல், மண்ணெண்ணெய் விளக்கு, தொங்கு பங்கா, அவ்வளவுதான். நடிகர் தொடாத பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் அக்காலத்ததாகச் செய்யலாம், தொடுகிற பொருள் முதலில் அவர் வேகத்துக்கு அடங்க வேண்டும் என்பதே நாங்கள் கடைப்பிடித்த வரிசை.

சபா மேடைகள் நாடகத்தன்று மதியம்தான் கைக்கு வரும் என்பதால், எல்லாத் தட்டிகளையும் ஊசி உருவக்கூடிய கீல்களால் இணைத்திருந்தோம். ஒரு சபாவில் மேடையின் பின்புறம் ஆள் திரும்பக்கூட இடம் இல்லை. கொல்லைக் கதவைக் கைவிட வேண்டியிருந்தது. இயக்குநர் அந்த வருகையை ஜன்னலுக்கு மாற்றினார். மாமியாராக நடித்தவர் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் வழியே ஏறிக் குதித்ததற்குக் கிடைத்த கைதட்டலைக் கேட்ட பிறகு, கொல்லைக் கதவை வண்டியில் ஏற்றுவதையே நிறுத்திவிட்டோம்.