நாயின் ரத்தம்: கிளினிக்கிலேயே பார்ப்பதா, வெளி லேபுக்கு அனுப்புவதா?

திங்கள்கிழமை காலை கிளினிக் மெஷினில் தட்டணு (பிளேட்லெட்) 1,60,000. அதே டியூப் கூரியரில் போய், மறுநாள் வெளி லேப் ரிப்போர்ட்டில் 42,000. நாயை வளர்ப்பவர் இரண்டு தாளையும் நீட்டி எதை நம்புவது என்று கேட்கிறார். பெரிய லேப், பெரிய மெஷின், அதனால் அதுதான் சரி என்று சொல்லிவிடத் தோன்றும். இந்த இடத்தில் அந்தப் பதில் தவறாகிவிடவே வாய்ப்பு அதிகம். ரத்தம் கட்டாமலிருக்க மருந்து போட்ட ஈ.டி.டி.ஏ. டியூபில் நேரம் ஆக ஆகத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பத்துத் தட்டணு சேர்ந்த ஒரு திரளை மெஷின் ஒன்றாக எண்ணும், அல்லது வெள்ளையணுக் கணக்கில் சேர்த்துவிடும். நாயின் உடம்பில் எதுவும் குறையவில்லை, குறைந்தது டியூபுக்குள்.

இந்த வழக்கைத் தீர்ப்பது ஸ்மியர்தான். ரத்தம் எடுத்த கையோடு ஒரு சின்னச் சொட்டை ஸ்லைடில் இழுத்து, காயவைத்து, லீஷ்மன் அல்லது ஜீம்சா சாயம் போட்டுப் பாருங்கள். முதலில் மைக்ரோஸ்கோப்பின் சின்ன லென்ஸில் படலத்தின் இறகு போன்ற நுனி. அங்கே திட்டுத் திட்டாகத் தட்டணுத் திரள் தெரிந்தால் மெஷின் கொடுத்த எண்ணை அடித்துவிடலாம், உண்மை அதற்கு மேல். திரள் இல்லையென்றால், செவ்வணுக்கள் ஒற்றை அடுக்காகப் பரவிய பகுதிக்கு வந்து, எண்ணெய் லென்ஸில் பத்து இடங்களில் தட்டணுவை எண்ணி, சராசரியை 15,000 ஆல் பெருக்க வேண்டும். சராசரி 11 என்றால் சுமார் 1,65,000. இரண்டோ மூன்றோதான் இருக்கிறது என்றால் அது உண்மையான குறைவு, அன்றைக்கே கவனிக்க வேண்டியது.

பூனைக்கு இது இன்னும் கட்டாயம். பூனையின் செவ்வணு சிறியது, தட்டணுவோ பெரியது. அளவை வைத்துப் பிரித்து எண்ணும் மெஷின்கள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும். போதாததற்குப் பூனைத் தட்டணு ஊசி ஏறும்போதே திரளத் தொடங்கிவிடும். ஸ்மியர் பார்க்காமல், "தட்டணு குறைவு" என்ற ஒரு வரியை வைத்துப் பூனைக்கு மருந்து ஆரம்பிப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

எந்த டெஸ்டை எங்கே செய்வது என்பதை மெஷினின் விலை முடிவு செய்யக் கூடாது. தேடும் பொருள் டியூபுக்குள் எவ்வளவு நேரம் மாறாமல் நிற்கும், பதில் எப்போது வந்தால் அந்த உயிருக்குப் பயன், இந்த இரண்டும்தான் முடிவு செய்ய வேண்டும்.

குளுக்கோஸிலிருந்து தொடங்கலாம். ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்தால் அணுக்கள் டியூபுக்குள்ளும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை இறங்கும். மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் கிடந்த டியூபில் வரும் குளுக்கோஸ் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் சாம்பல் மூடி ஃபுளோரைடு டியூப், இல்லையென்றால் ரத்தம் உறைந்ததும் உடனே பிரித்தெடுத்த சீரம். வலிப்பு வந்து கிடக்கும் குட்டிக்கு இதெல்லாம் பேச நேரமில்லை. காது நுனியில் குத்தி குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மனிதருக்கான மீட்டர் நாய் பூனைக்குப் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். நாயின் ரத்தத்தில் சர்க்கரையின் பெரும் பங்கு பிளாஸ்மாவில் இருக்கிறது, மனிதருக்கு அது செவ்வணுவிலும் பரவியிருக்கிறது. மீட்டரின் கணக்கு மனித ரத்தத்துக்குப் போட்டது. ரத்தச் சோகை உள்ள நாய்க்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து கூடுதலாகக் காட்டும். கால்நடைக்கென்று வரும் மீட்டரில் நாய்க்கும் பூனைக்கும் தனித்தனி கோட் எண் (code) இருக்கும், அதை மாற்றிப் போட்டாலும் எண் கெடும்.

லாக்டேட், ரத்த வாயு, அம்மோனியா மூன்றும் இதே வகை. அம்மோனியாவுக்கு ரத்தம் எடுத்தவுடன் ஐஸில் வைத்து அரை மணிக்குள் ஓட்ட வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் அம்மோனியா எழுதிக் கொடுப்பது பணத்துக்கும் ரத்தத்துக்கும் கேடு.

இந்த வரிசையில் நாங்கள் உயிராக மதிப்பது எளிய பி.சி.வி. டியூப், ரத்தத்தில் செவ்வணு எத்தனை சதவீதம் என்று காட்டுவது. ஹெப்பாரின் பூசிய கேபிலரி டியூபை முக்கால் அளவு நிரப்பி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, மைக்ரோ சென்ட்ரிஃபியூஜில் 12,000 சுற்றில் ஐந்து நிமிடம். எதிரெதிரே இரண்டு டியூப் வையுங்கள், ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். வெளியே எடுத்ததும் சிவப்புத் தூணின் உயரத்தை மட்டும் படித்துவிட்டுத் தூக்கிப் போட வேண்டாம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பிளாஸ்மா நல்ல மஞ்சளாக இருந்தால் காமாலை. ரோஸ் நிறமென்றால் செவ்வணு உடைகிறது, உடம்புக்குள்ளா ஊசிக்குள்ளா என்பது அடுத்த கேள்வி. பால் போலிருந்தால் சாப்பிட்ட நாய் அல்லது கொழுப்புக் கோளாறு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே வெண்மையாக ஒரு மெல்லிய வளையம் தெரியும், அதுதான் வெள்ளையணுவும் தட்டணுவும் சேரும் இடம். டியூபைப் படுக்கவைத்துச் சின்ன லென்ஸில் அந்த வளையத்துக்குச் சற்று மேலே பாருங்கள். மைக்ரோஃபைலேரியா (ரத்தத்தில் திரியும் குட்டிப் புழு) இருந்தால் நெளிவது கண்ணுக்குத் தெரியும். பிறகு டியூபை அந்த வளையத்துக்குச் சற்றுக் கீழே கீறி உடைத்து, அந்தத் துளியை ஸ்லைடில் இழுத்தால், சாதாரண ஸ்மியரில் அகப்படாத எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல் கிருமியின் திரள் (மொருலா) மோனோசைட் என்ற வெள்ளையணுவுக்குள் சிக்க வாய்ப்பு கூடும். மீதிப் பிளாஸ்மாவை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டால் மொத்தப் புரதமும் கிடைத்துவிடும். இரண்டு சொட்டு ரத்தம், பத்து நிமிடம், இத்தனை செய்தி. இதை எந்த லேபுக்கும் அனுப்பத் தேவையில்லை.

நம் ஊரில் காய்ச்சலோடு சோர்ந்து வரும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் சந்தேகம்தான் முதலில் வரும். செவ்வணுவுக்குள் வாழும் ஒட்டுண்ணியான பபேசியா கிப்சோனைக்கு முன்கால் ரத்தத்தைவிடக் காது நுனி ரத்தத்தின் மெல்லிய ஸ்மியர் மேல். செவ்வணுவுக்குள் மிகச் சிறிய மோதிரம் போல இருக்கும், சாயக் கசடை அதுவென்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நுண்திருகியை மெல்லத் திருப்பினால் கசடு அணுவுக்கு மேலே மினுங்கும். ஒட்டுண்ணி அணுவோடு ஒரே தளத்தில் நிற்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்லைடு மெதுவாகக் காய்ந்தாலும் அணுக்குள் பளபளக்கும் பொய்ப்புள்ளிகள் வரும். அதனால் ஸ்லைடை இழுத்தவுடன் விசிறிக் காயவைக்க வேண்டும்.

கிளினிக்கிலேயே போடும் ஸ்நாப் 4டிஎக்ஸ் போன்ற கிட்டில் எர்லிக்கியா புள்ளி விழுந்தால் அது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள், கிருமி அல்ல. சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில்கூட அந்தப் புள்ளி விழும். நோய் ஆரம்பித்த முதல் இரண்டு வாரத்தில் விழாமலும் போகும். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க இந்தக் கிட்டைத் திரும்பத் திரும்பப் போடுவது வீண். அதற்கு கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர்., அது வெளி லேப் வேலை. டாக்சிசைக்ளின் போடுவதற்கு முன்பே ஈ.டி.டி.ஏ. ரத்தம் எடுத்து வைத்துவிட வேண்டும். இரண்டு நாள் மருந்துக்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் வரும் நெகட்டிவ் எதையும் நிரூபிக்காது.

வெளி லேபுக்கே உரியவை வேறு சிலவும் உண்டு. நுண்ணுயிர் வளர்ப்பு, தைராய்டு பேனல், கஷிங் நோய்க்கான கார்ட்டிசால், எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவுக்கான எதிர்ப்பொருள் டெஸ்ட் எம்.ஏ.டி. எம்.ஏ.டி.க்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு மாதிரி தேவை; ஒற்றை எண்ணை வைத்து, அதுவும் தடுப்பூசி போட்ட நாயில், முடிவு கட்டக் கூடாது. ஸ்மியரில் விசித்திரமான வெள்ளையணு தெரிந்தால் அதை நோயியல் நிபுணர் பார்க்கட்டும். வேப்பேரியில் 1903 முதல் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களின் பெரிய பலம் அந்தக் கண்தான்.

பலர் மனிதருக்கான லேபுக்கு அனுப்புகிறார்கள். பக்கத்தில் இருக்கிறது, விலை குறைவு, இரவு எட்டு மணிக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். கிரியேட்டினின், எஸ்.ஜி.பி.டி. போன்ற ரசாயன டெஸ்ட்களுக்கு இது பெரும்பாலும் சரிப்படும். சிக்கல் வேறு இடங்களில். தாளில் அச்சாகும் அளவுகள் மனிதருக்கானவை, அதைப் பார்த்து வீட்டில் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். அங்கே யூரியா என்று தருவார்கள், மருத்துவர் நினைப்பது பி.யூ.என்., அதாவது யூரியாவிலுள்ள நைட்ரஜன் மட்டும்; பி.யூ.என். எண்ணை 2.14 ஆல் பெருக்கினால்தான் யூரியா. யூரியா 60 என்ற தாளை பி.யூ.என். 60 என்று படித்துச் சிறுநீரகம் போய்விட்டது என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை, அது பி.யூ.என். 28 தான். ஆல்புமினை புரோமோகிரெசால் பர்ப்பிள் முறையில் பார்க்கும் லேபாக இருந்தால் நாய்க்குக் குறைத்துக் காட்டும், கிரீன் முறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மனித டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) கிட் நாயின் டி.எஸ்.எச்.சைப் பிடிக்காது. அணு எண்ணிக்கையை அங்கே ஓட்டவே வேண்டாம் என்பது எங்கள் நிலை: மனிதச் செவ்வணுவின் பருமன் 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர், நாய்க்கு 60 முதல் 77, பூனைக்கு 39 முதல் 55. மனிதருக்கு வைத்த எல்லைக்கோட்டில் பூனையை எண்ணச் சொன்னால் மெஷின் என்ன செய்யும்?

இனி டியூப். எந்த லேபாக இருந்தாலும் பாதித் தவறு இங்கே நடக்கிறது. ஊதா மூடி (ஈ.டி.டி.ஏ.) டியூபில் கோடு 2 மி.லி. என்றால் 2 மி.லி. அரை மி.லி. மட்டும் விட்டால் மருந்து மிஞ்சிச் செவ்வணு சுருங்கி பி.சி.வி. பொய்யாகக் குறையும். நிரம்பி வழிய விட்டால் கட்டி விழும். குட்டிக்கும் பூனைக்கும் அரை மி.லி. டியூப் தனியாகக் கிடைக்கிறது, வாங்கி வையுங்கள். ரத்தம் விட்டதும் எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகப் புரட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. சிரிஞ்சிலிருந்து விடும்போது ஊசியைக் கழற்றிவிட்டு விடுங்கள். ஊசி வழியாக அழுத்தினால் செவ்வணு உடையும். ஊதா டியூபில் அதிகமாகிப்போனதைச் சீரத்துக்கான சிவப்பு மூடி டியூபில் ஊற்றிச் சமன் செய்பவர்களும் இருக்கிறார்கள். பொட்டாசியம் உச்சத்திலும் கால்சியம் பாதாளத்திலும் ஒரே தாளில் வந்தால் நாயை விட்டுவிட்டு முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ஊதா டியூபில் இருப்பது பொட்டாசியம் உப்பு, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சிவப்பு மூடியை அறை வெப்பத்தில் அரை மணி நிமிர்த்தி வைத்து, நன்றாக உறைந்த பிறகு 3,000 சுற்றில் பத்து நிமிடம் சுழற்றி, சீரத்தை வேறு குப்பிக்கு மாற்றிவிட்டால் பாதி லேப் வேலை முடிந்த மாதிரி. ஒரு மி.லி. ரத்தத்திலிருந்து சுமார் அரை மி.லி. சீரம்தான் வரும், நீர்ச்சத்து வற்றிய நாயிடம் அதுவும் வராது. எத்தனை டெஸ்ட் கேட்கிறோம் என்பதை இதற்கேற்ப முடிவு செய்ய வேண்டும். அவசரமில்லாத ரத்தமென்றால் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் கொடுக்கலாம். சின்னக் குட்டிகளையும் சர்க்கரை நோய் நாய்களையும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி போட வேண்டாம்.

பெட்டி கட்டுவதில் ஐஸ் ஜெல் டியூபைத் தொடக் கூடாது. இரண்டு மடிப்பு செய்தித்தாள் நடுவே இருக்கட்டும். முழு ரத்தம் ஐஸாக உறைந்தால் அணு வெடித்துவிடும். உறையலாம் என்றால் அது பிரித்த சீரம் மட்டும். சனிக்கிழமை மாலை எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்புவதைவிட, உயிருக்கு அவசரமில்லாவிட்டால், திங்கள் காலை எடுப்பது நல்லது.

நாள்பட்ட சிறுநீரக நோய்க்குத் தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒரே இடத்தில் பாருங்கள். நாய்க்கு ஐரிஸ் (சிறுநீரக நோயை நிலை பிரிக்கும் சர்வதேச அமைப்பு) கணக்கில் கிரியேட்டினின் 1.4 இல் இரண்டாம் நிலை தொடங்குகிறது, 2.8 ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. கிரியேட்டினினை அளக்கும் ஜாஃபே முறைக்கும் என்சைம் முறைக்கும் நடுவே உள்ள சின்ன வித்தியாசமே ஒரு நாயை நிலை மாற்றிவிடும். போன மாதம் கிளினிக், இந்த மாதம் வெளி லேப் என்றால் ஏறியது நோயா, முறையா என்று யாராலும் சொல்ல முடியாது.

கிளினிக் மெஷினை நம்பலாமா என்று தயங்குபவர்கள் ஒன்று கேட்கலாம்: கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்? தினமும் காலையில் வெறும் திரவத்தை ஓட்டிப் பின்னணி எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பவர்களும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ரோட்டரையும் (மெஷினில் போடும் டெஸ்ட் வட்டு) கிட்டையும் அந்தந்தத் தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்துக்குக் கொண்டுவந்து பயன்படுத்துபவர்களும் இதற்கு உடனே பதில் சொல்வார்கள்.

வெளி லேபுக்கு எது போனாலும் கூடவே சாயம் போடாத இரண்டு ஸ்லைடு போகட்டும். பென்சிலால் பெயர், தேதி, எடுத்த மணி. ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், அதன் ஆவி பட்டாலே சாயம் ஏறாது. ஃப்ரிட்ஜிலும் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்து அணு வெடிக்கும். ஸ்லைடு விசிறிக் காய்ந்ததும் மேலே ஒரு மூடி இருக்கட்டும். ஈயும் எறும்பும் பத்து நிமிடத்தில் படலத்தைத் தின்று ஓட்டை போட்டுவிடும்.