தலைகீழாகக் கோத்த அட்டை

நான் பணிபுரியும் பாலிடெக்னிக்கில் இந்த ஆண்டு முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். படிப்பும் அனுபவமும் ஒரு மாணவருக்கு இரண்டு கண்கள் என்று பேசிவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள். அதில் பொய் எதுவும் இல்லை; ஆனால் என் வாழ்க்கையில் நடந்தது எதுவும் அதில் இல்லை என்பது வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது. மேடையில் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் முன்னறை முழுவதையும் ஒரு குழித்தறி அடைத்துக்கொண்டிருந்தது. அப்பா குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தால் அவருடைய தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் கயிற்றில் கோத்த மாலையாகத் தொங்கும். சேலைக் கரையில் அன்னமோ மாங்காயோ வர வேண்டுமென்றால், முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். தாளின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. மிதியை மிதிக்கும்போது அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும், அதற்குரிய கொக்கி, நீளவாக்கில் ஓடும் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டுக் கொக்கி விலகிவிடும், இழை கீழேயே கிடக்கும். தூக்கிய இழைகளுக்கும் கிடக்கும் இழைகளுக்கும் நடுவே சரிகை நாடா, அதாவது ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை, ஓடும். அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை திரும்ப வரும். இரண்டாவது அன்னம் தொடங்கும்.

ஆறாம் வகுப்பு விடுமுறையில் அறுந்துபோன அட்டை மாலையைத் திரும்பக் கோக்கும் வேலை எனக்கு வந்தது. எண் வரிசைப்படிதான் கோத்தேன். ஆனால் ஓர் அட்டையை மட்டும் இடம் வலமாகத் திருப்பிக் கோத்துவிட்டேன். அப்பா நெய்யத் தொடங்கி ஒரு சாண் போன பிறகுதான், ஒவ்வொரு அன்னத்தின் கழுத்திலும் ஒரே இடத்தில் ஒரு கீறல் விழுந்திருப்பதைப் பார்த்தார். அவர் என்னைத் திட்டவில்லை. அருகில் உட்காரவைத்து, எல்லா அன்னங்களையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, "பிழை திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்தால் அட்டையைப் பாரும்மா, ஒரே ஒரு தரம் வந்தால் இழையைப் பார்" என்றார். பிறகு விளக்கைத் தாழ இறக்கிக் கட்டிக்கொண்டு, நெய்த ஒரு சாணையும் ஊடை ஊடையாகப் பிரித்தார். நான் தூங்கப் போகும்போதும் பிரித்துக்கொண்டிருந்தார். முதலாளியிடம் கூலி பிடித்தம் ஆகாமல் தப்பித்தது என்பதைத் தவிர, அன்றைக்கு எனக்கு அதில் பாடம் எதுவும் தெரியவில்லை. தெரிந்ததாக இப்போது எழுதினால் அது கதை கட்டுவதாகும்.

பள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரசுப் பெண்கள் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்திருந்தேன்; முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸ், இரண்டாம் தொகுதி சி பிளஸ் பிளஸ். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை ஒரு மதிப்பெண் வினா வரும் என்று புளூ பிரிண்ட் வைத்துக்கொண்டு படித்த காலம் அது. 2017-ல் வந்த அரசு அறிவிப்புக்குப் பிறகு அந்த முறை போய், மொத்த மதிப்பெண்ணும் 1200-லிருந்து 600 ஆகிவிட்டது. இனக்குழு, பொருள், மரபுரிமம், பல்லுருவாக்கம், செயற்கூறு, மடக்கு என்று எல்லாவற்றுக்கும் எங்கள் புத்தகத்தில் தமிழ்ச் சொற்கள் இருந்தன. அவற்றின் இலக்கணத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். கட்டளைகளைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றச் சொல்லும் மடக்கு என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிய கை, மாலையில் வீட்டுக்கு வந்து, கடைசி அட்டை முடிந்து முதல் அட்டை திரும்புவதை ஒதுக்கிவிட்டுப் போகும். இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

2007-ல் நுழைவுத் தேர்வு இல்லாமல் பொறியியல் சேர்க்கை நடந்தது. பயிற்சி வகுப்புக்குக் கட்டப் பணமில்லாத என் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்பதைப் பயிற்சி வகுப்புக்குப் போக முடிந்தவர்களுக்கு விளக்குவது கடினம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிட்டார்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு அப்பா இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியில் வந்தார். எனக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை 2010-ல்தான் வந்தது என்பதால், என் நான்கு ஆண்டுக் கட்டணத்தில் பெரும்பகுதி அம்மாவின் நகைகளிலிருந்தும் அப்பா முதலாளியிடம் வாங்கிய முன்பணத்திலிருந்தும் போனது.

முதல் வாரத்தில் ஓர் ஆசிரியர் பாலிமார்பிசம் என்றால் என்ன என்று கேட்டார். அந்தச் சொல்லை நான் அதற்கு முன் காதால் கேட்டதில்லை. எழுந்து நின்றேன். தெரியாதா என்றார், தெரியாது என்றேன். எந்தப் பள்ளி, எந்த வழி என்று கேட்டுவிட்டு, வகுப்பைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார். பக்கத்திலிருந்தவள் விடை சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அது பல்லுருவாக்கம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவள் சொன்னதைவிட நன்றாகவே எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஓராண்டுக்கும் மேலாகத் திறக்கவில்லை. அனுபவம் மனிதனைச் செதுக்குகிறது என்று சொல்பவர்கள், அது எந்தத் திசையில் செதுக்கும் என்பதைச் சொல்வதில்லை. தெரிந்ததையும் தெரியாததுபோல் மறைத்துக்கொண்டால் அவமானப்படாமல் இருக்கலாம் என்பதையும் எனக்கு ஓர் அனுபவம்தான் கற்றுக்கொடுத்தது. அது நன்றாகவே படிந்தது.

மூன்றாம் பருவத்தில் ஓர் ஆய்வக வகுப்பு. எண்களை வரிசை வரிசையாக அச்சிடும் ஒரு நிரல், ஒவ்வொரு வரியிலும் ஐந்தாம் இடத்தில் மட்டும் தவறான எண்ணைத் தந்துகொண்டிருந்தது. எங்கள் குழுவில் மூன்று பேர் உள்ளீட்டு எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரே இடத்தில் மேலிருந்து கீழாக இறங்கிய அந்தப் பிழை வரிசையைப் பார்த்ததும், என் வாயிலிருந்து தமிழில், யோசிக்காமல், "இழையைப் பார்க்காதீங்க, அட்டையைப் பாருங்க" என்று வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். மடக்குக்குள் இருக்கும் கட்டளையில்தான் பிழை என்று சொல்ல வந்தேன். உண்மையும் அதுதான், ஒரு நிபந்தனையைத் தவறாக எழுதியிருந்தோம். ஆய்வகத்துக்கு வந்திருந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், அட்டை என்று ஏன் சொன்னாய் என்று கேட்டார். அப்பா நெசவாளர் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஓர் அட்டையை எடுத்துவரச் சொன்னார்.

எடுத்துப்போனேன். அவர் அதை வகுப்பில் தூக்கிக் காட்டி, பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் உருவாக்கிய தறிக்கான அட்டை இது என்றார். இதே துளை அட்டையைத்தான் ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் தம்முடைய பகுப்பாய்வு இயந்திரம் என்ற கணக்கிடும் பொறிக்குக் கட்டளையிடப் பயன்படுத்த நினைத்தார் என்றும், அந்த இயந்திரம் முழுமையாகக் கட்டப்படவே இல்லை என்றும், 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் என்பவர் துளை அட்டைகளைக் கொண்டுதான் விரைவாக முடித்தார் என்றும் சொன்னார். துளை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டு உத்தரத்தில் ஒரு நிரல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மேசை மேல் கிடந்த அந்த அட்டையில் அப்பாவின் விரல் எண்ணெய்க் கறை இருந்தது என்பதுதான் அந்த வகுப்பில் எனக்கு மிகத் தெளிவாக நினைவிருப்பது.

அதன் பிறகு நான் முதல் மாணவியாகிவிடவில்லை. ஆங்கிலம் சரியாக வர இன்னும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன, ஒரு தாளில் தோற்றுத் திரும்ப எழுதினேன். மாறியது வேறு ஒன்று. புதிதாக எதைப் படித்தாலும், இது எனக்கு முன்பே எங்காவது தெரியுமா என்று உள்ளே தேடும் பழக்கம் வந்தது. பல நேரம் தெரிந்திருந்தது. வெறும் ஒப்பித்தலாக இருந்த ஐந்து மதிப்பெண் விடைகளெல்லாம் ஒவ்வொன்றாக உட்கார இடம் கண்டுபிடித்தன.

இதை எழுதும்போது எனக்கு ஓர் அச்சமும் உண்டு. தறி எனக்குக் கணினி கற்றுத் தந்தது என்று சொன்னால், அப்படியானால் பிள்ளைகள் தறியிலேயே இருந்திருக்கலாமே என்று நினைக்கும் ஆள்கள் இன்றும் இருக்கிறார்கள். காந்தி 1937-ல் முன்வைத்த ஆதாரக் கல்வியில், நூற்பு போன்ற ஒரு கைத்தொழிலின் வழியாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிப்பது என்ற எண்ணம் இருந்தது. கைக்கும் மூளைக்கும் உறவு உண்டு என்ற அளவில் அது எனக்குப் பிடித்த எண்ணம். ஆனால் 1953-ல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், கிராமப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் தங்கள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகிக் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டிராவிட்டால் என் தலைமுறை வரை அது எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்பதை நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை. திட்டம் எதுவும் இல்லாமலே அப்படி வளர்ந்த ஒருவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார்.

எதிர்வீட்டு அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர்கள் வீட்டில் கோர்வைத் தறி. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வர மூன்று நாடாக்கள் வேண்டும், ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். ஐந்தாம் வகுப்போடு அந்த ஆளாக அக்கா உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆள் தேவைப்படவில்லை. நான் பள்ளிக்குப் போனதற்கு அப்பாவின் முற்போக்கு எவ்வளவு காரணமோ அதைவிட எங்கள் தறி எளிய தறியாக இருந்தது காரணம் என்று இப்போது நினைக்கிறேன். தறிச் சத்தம் ஒரு நூல் மாறினாலும் அக்காவுக்குத் தெரியும். அறுந்த இழையை ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே கண்ணால் தேடாமல் விரலால் தேடிப் பிடிப்பார். என்னைவிடப் பல மடங்கு அட்டைகளைக் கையாண்டவர். அந்த அனுபவத்தின் மேல் ஜக்கார்டு, பாபேஜ், ஒன்று, சுழியம் என்று பெயர் சொல்லி வைக்க ஒருவர்கூட அவர் வாழ்க்கையில் வரவில்லை, வருவதற்கான இடத்திலும் அவர் இல்லை. பட்டு வேலை குறைந்தபோது தறியை விற்றார்கள். இப்போது அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறார்; விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது.

அனுபவமே ஆசான் என்ற பழமொழியை என் மாணவர்களிடம் நான் சொல்வதில்லை என்பதற்கு இதுதான் காரணம். முதல் வாரத்தில் அதற்குப் பதிலாக ஒரு தாள் கொடுத்து, உங்கள் கைக்குத் தெரிந்த வேலை ஒன்றை எழுதுங்கள் என்கிறேன். பலர் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றுமில்லை என்று எழுதுவார்கள். இந்த ஆண்டு அப்படி எழுதிய ஒரு பையன், முகூர்த்த நாள்களில் பந்தி பரிமாறப் போகிறவன் என்பது அவன் மணிக்கட்டில் இருந்த கல்யாண வீட்டு மருதாணியை மற்றவர்கள் கேலி செய்தபோது தெரியவந்தது. அடுக்கு, வரிசை என்ற இரு தரவு அமைப்புகளைப் பற்றிப் பாடம் எடுத்த நாளில் அவனை எழுப்பி, கழுவி வைத்த தட்டுகளில் எதை முதலில் எடுப்பாய் என்று கேட்டேன். மேலே கடைசியாக வைத்ததைத்தான் என்றான். பந்திக்குக் காத்திருப்பவர்களை? முதலில் வந்தவர்களை முதலில் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்தால் மட்டும் இடையில் விட வேண்டும் என்றான். முன்னுரிமை வரிசை என்று இரண்டு வாரம் கழித்து வரவேண்டிய பாடம் அது. வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான், நான் கரும்பலகையில் எழுதினேன்.

எங்கள் தறியைக் கழற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்கு முட்டி வலி, குழியில் இறங்க முடிவதில்லை. அட்டை மாலைகளை மட்டும் பரண் மேல் சாக்கில் கட்டி வைத்திருந்தோம். பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது அக்காதான் உதவிக்கு வந்தார். சாக்கைப் பிரித்து ஒரு மாலையை மடியில் போட்டுக்கொண்டு, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து அட்டை அட்டையாகத் தள்ளினார். "இது அன்னம்" என்றார். நான் பார்த்தேன், எனக்குத் துளைகள்தான் தெரிந்தன. இன்னும் சிலவற்றைத் தள்ளிவிட்டு நிறுத்தி, கட்டைவிரலால் துளைகளைத் தடவினார்.

"கழுத்து வளையற இடத்துல ஒண்ணு குறையுது, பாரு."

வாங்கி ஓரத்தில் எழுதியிருந்த எண்களைப் பார்த்தேன். நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டு இருந்தது.