பாஸ் அப்

இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முந்திய புகுமுக வகுப்பில் 1972-இல் சேர்ந்த எங்களுக்கு முதலில் பழகிப்போன ஆங்கிலம் "பாஸ் அப்". தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ் டவுனுக்கு வந்திருந்தோம். டீச்சர் "பாஸ் அப் யுவர் புக்ஸ்" என்றதும் கடைசி வரிசையிலிருந்து நோட்டுகள் கைமாறிக் கைமாறி முன்னால் போகும். கடைசிக்காரன் நோட்டு அடியில் கிடக்கும் என்பதால், வீட்டுப்பாடத்தை அரைகுறையாகச் செய்தவர்களுக்கு அந்த வரிசையில்தான் போட்டி. ஆங்கிலம் தெரியாத அம்மாவே, "எல்லாம் பாஸ் அப் பண்ணிட்டியாடா?" என்று கேட்பார்.

ஐந்தாம் படிவத் தேர்வான எம்.சி.இ.யில் ஆங்கிலத்துக்குக் கிரெடிட் வாங்கிய பிறகும், அதற்கு வேறு பொருள் உண்டென்று எனக்குத் தெரியாது.

1978-இல் பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. டெக்னீஷியன் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். அமெரிக்க மேலாளர் என்னிடம் பாரத்தை நீட்டி, "டோண்ட் பாஸ் திஸ் அப்" என்றார். கொடுத்துவிடாதே என்கிறார் போலிருக்கிறது, வேண்டும்போது அவரே கேட்பார் என்று, பூர்த்தி செய்து லாக்கரில் பூட்டி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து வழியில் பார்த்தவர், "யு டிடண்ட் பாஸ் இட் அப், டிட் யு?" என்றார். "நோ சார்!" என்றேன் பெருமையாக. அவரும் சந்தோஷமாகத் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கெடு முடிந்த மறுநாள் கேன்டீனில் பசியாறும்போது, கூட வேலை செய்த அக்காதான் விஷயத்தை உடைத்தார். "என்னா தம்பி, பாரத்தை இன்னுமா வச்சிருக்கே? வாய்ப்பை நழுவ விட்டுடாதேன்னுதானே அவரு சொன்னாரு!"

அமெரிக்கர் பேச்சில் அதுதான் பொருள்: வலிய வந்ததை வேண்டாமென்று விடுவது. தள்ளுபடி விளம்பரங்களில்கூட "டூ குட் டு பாஸ் அப்" என்று போடுவார்கள். நோட்டைக் கொடுப்பதற்கு அவர்களிடம் "ஹேண்ட் இன்" இருக்கிறது. சரி, நம் மொழி மட்டும் யோக்கியமா? காட்டு, கொடு இரண்டும் நல்ல சொற்கள்தான். தமிழ் படிக்கும் வெள்ளைக்காரர் லெபோ பாசாரில் கடைக்காரரிடம் "சேலையைக் காட்டிக்கொடுங்கள்" என்றால்?

போன வாரம் மலர் தயாரிக்கும் குழுவிலிருந்து ஒரு தம்பி மெல்பர்னில் இருக்கும் எனக்குப் போன் செய்து, "அண்ணே, கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள்ள பாஸ் அப் பண்ணிடுங்க" என்றார். அவரும் பினாங்குக்காரர்தான். வியாழனே அனுப்பிவிட்டேன்.