இடுப்போரத்து பக்கிள்

மார்த்தாண்டத்தில் கார் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் என்னிடம் சீட் பெல்ட் பற்றி வரும் புகார்களில் பாதி, அது ஒழுங்காக வேலை செய்கிறது என்பதுதான். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டச் சரிவில் வீடு இருப்பவர்கள் வந்து, "காலையில இழுத்தா வரமாட்டேங்குது மக்கா, இங்க வந்தா நல்லா வருது" என்பார்கள். பெல்ட் சுருளும் பெட்டிக்குள் சின்ன இரும்பு உருண்டை ஒன்று இருக்கும். வண்டி சட்டென்று நின்றாலோ ஒரேயடியாகச் சாய்ந்தாலோ அது உருண்டு, மேலிருக்கும் கொக்கியைத் தூக்கிப் பல்சக்கரத்தில் மாட்டிவிடும். செங்குத்தான சரிவில் நிறுத்தினாலும் அதே கதைதான். சமதளத்துக்கு வந்து மெதுவாக இழுங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

சுவீடன் பொறியாளர் நில்ஸ் போலின் 1959ல் வோல்வோ கார் கம்பெனிக்காகச் செய்த பெல்ட்தான் இன்றைய பெல்ட்டுக்கு அடிப்படை. அதில் இந்தச் சுருள் கிடையாது, அது பிற்பாடு சேர்ந்தது. போலின் அதற்கு முன் சாப் விமான நிறுவனத்தில், ஆபத்து நேரத்தில் விமானிகளைத் தூக்கி வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர். உயிர் பிழைக்க விமானி எதை மாட்டச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார். கார்க்காரர் ஒரு நிமிஷ அசௌகரியத்தைக்கூடப் பொறுக்கமாட்டார் என்பது போலினுக்குப் புரிந்திருந்தது. அதற்கு முந்தைய சில பெல்ட்களில் பக்கிள் வயிற்றின் மேலேயே இருக்கும். மோதினால் அதுவே குடலை நசுக்கும். இவர் தோள்பட்டியையும் இடுப்புப்பட்டியையும் இடுப்போரத்தில் கீழே ஒரே இடத்தில் சேர்த்தார். ஒரு கையால் இழுத்து மாட்டினால் முடிந்தது. காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்த வோல்வோ விட்டுக்கொடுத்ததைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். சரிதான், ஆனால் எனக்கு அந்த ஒரு கை வேலைதான் பெரிதாகப் படுகிறது.

ஏனென்றால் பெல்ட் போடாதவர்களின் வண்டியைப் பார்த்தால் பெரும்பாலும் பெல்ட்டே சண்டித்தனம் செய்கிறது. குளச்சல், முட்டம் பக்கம் ஓடும் டாக்சிகளில் வியர்வையும் மண்ணும் தோள் பக்கத்து வளையத்தில் அப்பிக் கிடக்கும். விட்டால் உள்ளே போகாது, கதவிடுக்கில் மாட்டும். முழுதாக வெளியே இழுத்து, திரும்பிப் போகாமல் கிளிப் போட்டுப் பிடித்து, வளையத்தைத் துடைத்து, இளஞ்சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிட்டால் போதும். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், நூல் வலுவிழந்துவிடும். இதைச் செய்த பிறகு தானாகப் பெல்ட் போட ஆரம்பித்த டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன், அபராதத்துக்குப் பயந்து அல்ல.

அப்புறம், பெல்ட் போடாவிட்டால் வரும் அந்தப் பீப் சத்தத்தை நிறுத்தப் பக்கிளில் செருகும் போலிக் கிளிப். 2023ல் ஆன்லைன் கடைகளிலிருந்து அதை எடுக்கச் சொல்லி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. இன்னும் கேட்டு வருகிறார்கள். நான் விற்பதில்லை, "பெல்ட்டைக் கழுவித் தரட்டுமா?" என்று கேட்பேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.